ஃப்ரீ ஏஜென்ட் என்றால் நீக்கப்பட்டவர் அல்லர்

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்துத் தொடரில் ஒப்பந்தம் முடிந்து ஃப்ரீ ஏஜென்ட் (எந்த அணியுடனும் ஒப்பந்தம் செய்துகொள்ளக்கூடியவர்) ஆகும் மூத்த சென்டர் (கூடைக்கு அருகே ஆடும் உயரமான) ஆட்டக்காரரைப் பழைய அணி மீண்டும் சேர்க்க முடியாது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறானது. 2023 கோடையில் ஒப்பந்தம் முடிந்த 35 வயது சென்டர் புரூக் லோபஸை ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணி தன் பக்கம் இழுக்க முயன்றபோதும், அவர் மில்வாக்கி பக்ஸ் அணியிலேயே 2 ஆண்டுகளுக்குச் சுமார் 4.8 கோடி டாலருக்கு மீண்டும் ஒப்பந்தமானார். தொடர்ந்து மூன்று பருவங்கள் தன்னிடம் ஆடியவரை, அணியின் மொத்தச் சம்பளத்துக்கான உச்சவரம்பைத் தாண்டியும் தக்கவைத்துக்கொள்ளப் பழைய அணிக்கு விதிகள் இடம் தருகின்றன. உண்மையில் இந்த விதி பழைய அணிக்குத்தான் சாதகம். 2025-இல் அவர் லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸுக்கு மாறியதும் ஒப்பந்தம் முடிந்த பிறகுதான், நீக்கப்பட்டதால் அன்று. என்பிஏ இணையதளத்தின் ஆட்டக்காரர் பரிமாற்றப் பட்டியலில் இவற்றைச் சரிபார்க்கலாம். அச்செய்தியை இனிப் பகிர வேண்டாம்.