மஞ்சக் கடுதாசி குடுத்த முதலாளியும் ரெண்டு விரலும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கோங்க.

தெரிஞ்சவர் ஒருத்தருக்கு பிரஸ் மெஷின்ல கை மாட்டி ரெண்டு விரல் போச்சு. முதல் ஆபரேஷன் செலவ கம்பெனியே பாத்துக்கிச்சு, நஷ்டஈட்டுக்கு "பேப்பர் போட்டிருக்கோம், வந்துரும்"னு ஆபீஸ்ல சொன்னாங்க. அஞ்சாவது மாசம் கம்பெனி திவால். கேட்ல பூட்டு, முதலாளி போன் ஸ்விட்ச் ஆஃப். இவரு என்ன பண்ணாருன்னா "அவரே மஞ்சக் கடுதாசி குடுத்துட்டாரு, நான் யார்கிட்ட போய் கேக்குறது"ன்னு பிசியோதெரபியக்கூட நிறுத்திட்டு வீட்ல உக்காந்துட்டாரு. ஒரு வருஷம்!

எனக்கு கோவம் முதலாளி மேல இல்ல, நஷ்டம் யாருக்கும் வரும். அந்தப் பணம் முதலாளி பாக்கெட்லருந்து வர்றதே இல்லன்னு இவருக்கு ஒருத்தர்கூட சொல்லலையே, அதுதான். இன்சூரன்ஸ் எடுத்திருந்தா, அடிபட்ட அன்னிக்கு பாலிசி உயிரோட இருந்துச்சா, அவ்ளோதான் கேள்வி. அடுத்த மாசமே கம்பெனி செத்துப்போனாலும் அந்தக் கிளெய்ம் இன்சூரன்ஸ்காரன் தலையிலதான். இது ஒண்ணும் புது சட்டமும் இல்ல. இந்தியாவுல 2025 வரைக்கும் இருந்த 1923 தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தோட 14வது பிரிவு, முதலாளி திவாலானா இன்சூரன்ஸ்கிட்ட அவருக்கு இருந்த உரிமை அப்படியே தொழிலாளிக்கு வந்துரும்னு சொல்லுச்சு. 1925லயே ஐஎல்ஓ (சர்வதேச தொழிலாளர் அமைப்பு) ஒப்பந்தத்துல, முதலாளியோ இன்சூரன்ஸோ திவாலானாலும் அடிபட்டவனுக்கு பணம் போய்ச் சேர வழி பண்ணுங்கன்னு எழுதி வெச்சுட்டாங்க. நூறு வருஷம் ஆச்சு, இன்னும் நம்மாளு பூட்டுன கேட்டப் பாத்துட்டு திரும்பி வந்துட்டிருக்கான்.

குழப்பம் எங்க வருதுன்னா, சம்பள பாக்கியையும் இதையும் ஒண்ணா முடிச்சுப் போட்டுடறாங்க. பாக்கிச் சம்பளத்துக்கு லிக்விடேட்டர்கிட்ட (திவாலான கம்பெனி சொத்த வித்து கடன்காரங்களுக்கு பிரிச்சுக் குடுக்கறவர்) பேர் குடுத்துட்டு, பேங்க்குக்கும் மத்த கடன்காரங்களுக்கும் நடுவுல க்யூவுல நிக்கணும், வாஸ்தவம். விபத்து நஷ்டஈட்டுக்கு, பாலிசி இருந்தா, அந்த க்யூவே தேவையில்ல. ஆனா அந்த லைன் நகரட்டும்னு காத்துட்டிருந்தா கிளெய்ம் போடற கெடு தாண்டிப்போயிரும், இந்தியாவுல பொதுவா ரெண்டு வருஷம், சில நாட்டுல அதவிட கம்மி.

நிஜமான சிக்கல் வேற எடத்துல இருக்கு. இன்சூரன்ஸே எடுக்காம "நாங்களே குடுத்துக்குவோம்"னு பர்மிஷன் வாங்கி வெச்சிருக்குற பெரிய கம்பெனி கவுந்தா? கலிபோர்னியாவுல அதுக்குன்னே 1984ல ஒரு ஃபண்ட் ஆரம்பிச்சாங்க, அந்த மாதிரி மத்த கம்பெனிங்ககிட்ட வசூல் பண்ணி குடுக்குறாங்க. இன்சூரன்ஸ் கம்பெனியே திவாலானா அமெரிக்காவுல மாநிலத்துக்கு மாநிலம் கேரண்டி ஃபண்ட் இருக்கு. இதெல்லாம் இல்லாத ஊர்ல கதை கஷ்டம்தான்.

அதவிட மோசம் வியாதி. ஆஸ்பெஸ்டாஸ் தூசி உள்ள போனா கேன்சர் வெளிய தெரிய இருபது, நாப்பது வருஷம்கூட ஆகும். அதுக்குள்ள கம்பெனியும் இருக்காது, அதோட இன்சூரன்ஸ் யாருன்னு சொல்ல ஆளும் இருக்காது. பிரிட்டன்ல ரெண்டையும் கண்டுபிடிக்க முடியாத மீசோதீலியோமா (ஆஸ்பெஸ்டாஸால வர்ற கேன்சர்) நோயாளிங்களுக்குன்னே 2014ல தனி திட்டம் கொண்டு வந்தாங்க, பணத்த இன்சூரன்ஸ் கம்பெனிங்ககிட்டருந்தே வசூல் பண்ணி.

என்னக் கேட்டா 1884ல ஜெர்மனி பண்ணதுதான் சரி. ஒரு தொழில்ல இருக்குற முதலாளிங்க எல்லாரும் சேந்து ஒரே பானையில போடணும், அடிபட்டவன் அந்தப் பானையிலருந்து வாங்கிக்கணும். எவன் கடை மூடுனா என்ன, பானை இருக்கும்ல. தொழிலாளியோட விரலுக்கான பணம் ஒரு முதலாளியோட வியாபார சாமர்த்தியத்த நம்பி இருக்குறது எனக்கு சுத்தமா புரியல.

சரி நம்மாளு கதைக்கு வரேன். பழைய ஆஸ்பத்திரி பில்லுங்கள கொட்டிக் கிளறுனோம். ரெண்டாவது பக்கத்து ஓரத்துல, கண்ணாடி போட்டாத்தான் தெரியும், பாலிசி நம்பர் இருந்துச்சு. இன்சூரன்ஸ்ல ஃபைல் தேடுனா கிளெய்ம் அங்க ஓபனாவே கெடக்கு, "தொழிலாளியிடமிருந்து பதில் இல்லை"ன்னு ஒரு குறிப்போட. லெட்டர் எல்லாம் பூட்டுன கம்பெனி அட்ரஸுக்கே போயிட்டிருந்திருக்கு!

அப்புறம்தான் எனக்கே உறைச்சுது, என் ஆபீஸோட இன்சூரன்ஸ் யாருன்னு எனக்கும் தெரியாது. நேத்து எச்ஆர்ல கேட்டேன். "ஏன் சார், கம்பெனி பத்தி ஏதாச்சும் கேள்விப்பட்டீங்களா"ன்னு அந்தப் பொண்ணு பதறிப்போச்சு. பாலிசி நம்பர் இன்னும் வரல.