லாஸ்ட் பஸ் அஜெண்டாவில் இல்லையாம்

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் செவ்வாய்க்கிழமை நடந்த கூட்டத்து வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அடுத்த இருபது வருடத்துக்கான போக்குவரத்துத் திட்டமாம். திரை முழுக்க நாலுவழிச்சாலை, மேம்பாலம், புறவழிச்சாலை, கலர் கலராகக் கோடுகள். பின்வரிசையிலிருந்து ஒரு ஆச்சி எழுந்து, "ராத்திரி லாஸ்ட் பஸ்ஸ நிப்பாட்டிட்டீங்களே ஐயா, அது எப்போ வரும்?" என்று கேட்டார். "அது இந்த அஜெண்டாவில் இல்லம்மா, உக்காருங்க" என்று பதில். அப்புறம் ஒரு சிரிப்பு. நாலு நாளாக அந்தச் சிரிப்புதான் என் காதில் கிடக்கிறது.

ரோடு போடுவது வேறு, ஆளை வீட்டில் கொண்டு சேர்ப்பது வேறு. வண்டிகளை அல்ல, மனிதர்களை நகர்த்தத் திட்டமிட வேண்டும் என்று 2006-லேயே தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை சொல்லிவிட்டது. 'நகர்ப்புற' என்பதைக் கவனியுங்கள். களக்காடு, திசையன்விளை பக்கத்துக் கிராமங்களில் இருப்பவர்கள் மனிதக் கணக்கில் வரவில்லை போல. அமெரிக்காவில் மாநிலத் திட்டமே குறைந்தது 20 ஆண்டை முன்னே பார்க்க வேண்டும், நடப்பவரும் சைக்கிள்காரரும் அதில் இருக்க வேண்டும் என்று விதி. நாம் இருபது வருடத்தை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

திருநெல்வேலி–தென்காசி ரயில்பாதை 2012-ல் முழுக்க அகலப்பாதை ஆகிவிட்டது. சந்தோஷம். சேரன்மகாதேவியில் இறங்கிக் களக்காடு ரோட்டில் ஆறு கிலோமீட்டர் போனால் எங்கள் ஊர். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து கூட்டி வந்த அன்று ரயில் லேட். பஸ் போய்விட்டது. ஆட்டோக்காரர் முந்நூறு கேட்டார், அவரையும் குறை சொல்ல முடியாது, திரும்பும்போது காலி வண்டிதானே. கண்ணில் பச்சைத் துணியோடு அம்மா, "நடந்துருவோமா?" என்கிறார். ரயில் டைமையும் பஸ் டைமையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க எத்தனை கோடி ஆகும்?

"வீட்டுக்கு வீடு பைக் இருக்கே" என்று ஒருவர் வருவார். இருக்கிறது, ஆனால் சாவி யார் கையில்? பீடித்தட்டோடு நிற்கிற மதினியிடமா, டியூஷன் முடிந்து வருகிற பிளஸ் டூ பிள்ளையிடமா? "கிராமத்து பஸ் நஷ்டத்தில் ஓடுது" என்று இன்னொருவர். ஓடட்டும். மேம்பாலம் என்ன லாபத்திலா ஓடுகிறது? 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, மனதார வரவேற்றவன் நான். ஏழரைக்கு மேல் பஸ்ஸே வராத ஊரில் டிக்கெட் இலவசமானால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

"சென்னையில் உக்காந்துக்கிட்டு எழுதுறான்" என்பதும் வரும். ஆமாம் அண்ணாச்சி, சென்னையில்தான் இருக்கிறேன். பாளையங்கோட்டையில் கிடைத்த வேலைக்கு ஊரிலிருந்து ராத்திரி ஷிப்ட் போய்வர வழியில்லாமல்தான் இங்கே வந்தேன். சென்னைக்கு வர மட்டும் ராத்திரி பஸ் உண்டு, ஏசி, சாய்வு இருக்கை, ஊர் ஊராக நிறுத்தி ஏற்றிக்கொண்டு போகிறார்கள்.

போன மாதம் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்தில் அக்கா மகளுக்கு வளைகாப்பு. இலை போட்டாயிற்று. அம்மா மணியைப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டார். "இரும்மா, காலையில போகலாம்" என்றேன். மாட்டுக்கு யார் தண்ணி காட்டுவது என்றார். அக்கா தூக்குவாளியில் பாயசத்தை ஊற்றிக் கொடுத்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அந்த வீடியோவில் சிரித்தவர்களில் இரண்டு பேர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறீர்கள். இதற்கு லைக் போட வேண்டாம்.