பதினொரு மாக் (மாதிரித் தேர்வு) எழுதியும் பயம் போகவில்லை என்றால்

வீட்டில் யாராவது ஐ.ஐ.எம்.களில் எம்.பி.ஏ. சேர எழுதும் கேட் (CAT) தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தால் இதைக் கொஞ்சம் படியுங்கள்.

போன மாதம் அக்கா மகன் போன் செய்தான். அழாத குறை. "பதினொரு மாக் எழுதிட்டேன் மாமா, 80 பெர்சன்டைலைத் தாண்டவே மாட்டேங்குது. இந்த வருஷம் விட்டுடவா?" வீட்டுக்கு வரச் சொன்னேன். பதினொன்றில் எத்தனை தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தாய் என்று கேட்டேன். ஒன்றுகூட இல்லையாம். அவன் போகும் பயிற்சி மையத்தில் அடுத்த டெஸ்ட், அடுத்த டெஸ்ட் என்று ஓட்டிக்கொண்டே இருக்கிறார்கள். எனக்குக் கோபமே வந்துவிட்டது.

கடைசி மாக்கின் டி.ஐ.எல்.ஆர். பகுதியை, அதாவது அட்டவணை, வரைபடம், தர்க்கப் புதிர் வரும் பகுதியை, எடுத்து உட்காரவைத்தேன். தேர்வில் அதற்கு 40 நிமிடம்தான். நேரம் முடிந்தால் அடுத்த பகுதி வந்துவிடும், திரும்பிப் போக முடியாது. "இப்போ கடிகாரம் வேண்டாம், பொறுமையா போடு" என்றேன். ஒரே தகவலை வைத்துக் கேட்கும் சில கேள்விகள் சேர்ந்தது ஒரு செட். மாக்கில் ஐந்து செட்டில் ஒன்றைத்தான் முடித்திருந்தான். அன்று நான்கை முடித்தான்! முதல் செட்டில் மட்டுமே 22 நிமிடம் மாட்டிக்கொண்டிருந்திருக்கிறான். இவ்வளவு நேரம் போட்டாயிற்றே என்று விட மனசு வரவில்லை.

என்னைக் கேட்டால், கடிகாரத்தோடு வாங்கிய மார்க்குக்கும் அது இல்லாமல் வாங்கிய மார்க்குக்கும் உள்ள இடைவெளியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இடைவெளி பெரிதாக இருந்தால் பாடம் தெரிகிறது, எதைத் தொடுவது எதை விடுவது என்றுதான் பழக வேண்டும். இரண்டுமே குறைவு என்றால் மாக்கை நிறுத்திவிட்டு சதவீதம், விகிதம் என்று அடிப்படைக்குப் போக வேண்டும். பெர்சன்டைல் இதைச் சொல்லாது. அந்த மாக்கை எழுதியவர்களுக்குள் நீ எங்கே என்று மட்டும் சொல்லும். உண்மையான தேர்வை எழுதுகிறவர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல்.

கணக்குப் பகுதியில் இன்னொன்று. சரியான விடைக்கு 3 மார்க். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி தப்பானால் 1 போகும். விடையை நாமே டைப் செய்யும் கேள்வியில் எதுவும் போகாது. இவன் டைப் செய்வதையெல்லாம் காலியாக விட்டுவிட்டு மற்றதில் குத்துமதிப்பாக அடித்திருந்தான். ஏழு மார்க் அப்படியே போயிருந்தது.

இப்போது ஒரு மாக் எழுதினால் மூன்று நாள் அதே தாளோடுதான் இருக்கிறான். ஒவ்வொரு செட்டுக்கும் எத்தனை நிமிடம், ஏன் தொட்டான் என்று நோட்டில் எழுதுகிறான். நேற்று ராத்திரி மெசேஜ் வந்தது: "முதல் செட்டை நாலாவது நிமிஷத்துல விட்டுட்டேன் மாமா. மூணு செட் முடிஞ்சுது."