இரண்டு பேரையும் போட ஏலாது. திரும்பவும் சொல்கிறேன்

முந்தைய பதிவுக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பார்க்காதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். கனடிய கால்பந்து லீக்கில் (சிஎஃப்எல், பந்தைக் கையால் எறிந்து ஆடும் அமெரிக்க வகைக் கால்பந்து) கல்கரியை வன்கூவரின் லயன்ஸ் 33-30 என்று 2025 அரையிறுதியில் வென்ற நாளில் இருந்து இதே பல்லவிதான்: "பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்குகளான ரோர்க்கும் ஆடம்ஸும் 2024-இல் லயன்ஸ் அணியில் ஒன்றாக இருந்தார்களே, மாற்றி மாற்றிப் போட்டிருந்தால் கிரே கப் வன்கூவரை விட்டே போயிருக்காது." ஒரு தம்பி இன்னும் ஒரு படி மேலே போய், "அண்ணை, நீங்கள் கிரிக்கெட்டைப் பற்றியே எழுதுங்கோ" என்று அறிவுரை தந்திருக்கிறார். நன்றி தம்பி. வாசித்துவிட்டுச் சொல்லுங்கோ.

மாற்றி மாற்றிப் போட்டார்கள். அதுதான் பிரச்சினையே.

ரோர்க் பெரியவரா ஆடம்ஸ் பெரியவரா என்பது இங்கே கேள்வி இல்லை. எவரைத் தெரிவு செய்தாலும் சரி. வாரத்தின் முதல் பயிற்சி நாளிலேயே ஒருவரைத் தெரிவு செய்து, அதை அணி முழுவதற்கும் சொல்லி, அவர் இரண்டு பந்தை எதிரணிக்குத் தாரை வார்த்தாலும் அவரோடே நிற்க வேண்டும். "ஒரு உறைக்குள் இரண்டு வாள்" என்று யாரும் பழமொழி எடுத்து வீசத் தேவையில்லை. இது தன்மானச் சண்டை இல்லை. இரண்டு பேருமே நல்ல மனிதர்கள், ஒருவரைப் பற்றி ஒருவர் தவறாக ஒரு வார்த்தை பேசியதில்லை. இது பயிற்சிக் கணக்கு.

சிஎஃப்எல்லில் வீரர்களை ஒரு நாளைக்கு நாலரை மணி நேரம்தான் வைத்திருக்கலாம். கூட்டம், வீடியோ, மைதானம் எல்லாம் அதற்குள்தான். வழக்கமான வாரத்தில் மூன்று முழுப் பயிற்சி, கடைசி நாளில் ஒரு நடை ஒத்திகை. அதற்குள் முதல் டவுண் (பத்து யார்ட் முன்னேறக் கிடைக்கும் மூன்று வாய்ப்புகளில் ஒன்று) ஆட்டங்கள், இரண்டாவது டவுணில் தூரம் அதிகமாக நிற்கும் ஆட்டங்கள், பிளிட்ஸ் (தற்காப்பு கூடுதல் ஆட்களோடு பாய்வது) வந்தால் யார் யாரை மறிப்பது, கோல் கோட்டுக்குக் கிட்ட என்ன செய்வது எல்லாம் முடிய வேண்டும். தொடக்க வீரர் பெரும்பங்கு ஸ்னாப்பை (பந்து பின்னால் அவர் கைக்கு வந்து ஆட்டம் தொடங்குவதை) எடுப்பது அதனால்தான். மற்றவர் அந்த நேரத்தில் என்ன செய்கிறார் தெரியுமா? வரப்போகும் எதிரணியின் ஆட்டத்தை நடித்துக் காட்டி, சொந்தத் தற்காப்புக்குப் பயிற்சி கொடுக்கிறார். அதாவது வாரம் முழுக்க வேறொரு அணியின் ஆட்டத் திட்டம். ஸ்னாப்பைப் பாதி பாதியாகப் பிரித்தால் ஆயத்தமான இரண்டு பேர் கிடைக்க மாட்டார்கள். அரைகுறையாக ஆயத்தமான இரண்டு பேர்தான் கிடைப்பார்கள்.

அமெரிக்க ஆட்டத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு விளங்காத இடம் வாகிள். இங்கே ரிசீவர்கள் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்கள்) ஸ்னாப்புக்கு முன்னமே பந்து நிற்கும் கோட்டை நோக்கி முழு வேகத்தில் ஓடி வரலாம். பந்து அசையும் கணத்தில் கோட்டை எட்டியிருக்க வேண்டும், தாண்டியிருக்கக் கூடாது. தாண்டினால் ஒஃப்சைட், 5 யார்ட் போச்சு. குவாட்டர்பேக் அரை விநாடி பிந்திக் கூப்பிட்டால் ஓடி வருகிறவருக்கு அது மூன்று நாலு யார்ட். ஒவ்வொருவருக்கும் கூப்பிடும் தாளம் வேறு. ஒருவரின் தாளத்துக்கு மூன்று மாதம் ஓடிய கால், அடுத்த வாரம் மற்றவரின் தாளத்துக்கு ஓடுகிறது. டிவியில் பார்க்கிறவர் "ரிசீவருக்கு ஒழுக்கம் இல்லை" என்பார்.

குவாட்டர்பேக்குக்கு முன்னால் நின்று மறிக்கும் லைனும் அப்படித்தான். லைனின் ஓரத்தில் நிற்கும் டேக்கிள் பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை. குவாட்டர்பேக் ஏழு யார்ட் பின்னால் நிற்பார் என்ற நம்பிக்கையில் வெளிப்பக்கத்தால் வருகிறவனை வட்டமாகத் தள்ளிக்கொண்டு போகிறான். ரோர்க் அந்த இடத்தில் நின்று, ஒரு அடி முன்னால் ஏறி, நேரத்துக்கு எறிகிற ஆள். ஆடம்ஸ் பின்வாங்கி, வெளியே சுழன்று, ஓடிக்கொண்டே ஆழமாக எறிவார். கண்ணுக்கு விருந்து, மறுப்பில்லை. ஆனால் ஒன்பது பத்து யார்ட் பின்னால் போய்விட்டால், டேக்கிள் வடிவாகத் தள்ளிய அதே ஆள் நேரே அவர் முதுகுக்குத்தான் வருவான். பழி டேக்கிளுக்கு. ஆடம்ஸுக்கு ஒரு விதமாகவும் ரோர்க்குக்கு ஒரு விதமாகவும் மறிக்கப் பழகலாம், ஆனால் ஒரே வாரத்தில் இரண்டையும் பழக ஏலாது.

எறியும் தூரமும் சும்மா இல்லை. ஆட்டம் தொடங்கும் இடத்தைக் குறிக்கும் ஹாஷ் கோடுகளை 2022-இல் நெருக்கிய பிறகும், ஒரு ஹாஷில் இருந்து எதிர்ப்பக்கக் கரைக்கு 37 யார்ட். ரிசீவர் பத்து யார்ட் ஓடிக் கரைப்பக்கம் திரும்புவதைப் பத்து யார்ட் அவுட் என்பார்கள்; பெயர்தான் அது, பந்து காற்றில் போவது கிட்டத்தட்ட 40. ரிசீவர் திரும்ப முன்னமே பந்து கையை விட்டிருக்க வேண்டும். பிந்தினால் எதிரணிக்காரன் எடுத்துக்கொண்டு டச்டவுணுக்கு ஓடுவான். அந்த நேரக்கணக்கு ஒரே கையில் திரும்பத் திரும்பப் பிடித்தால்தான் வரும்.

சரி, இனி ஆட்சேபங்கள்.

"2019-இல் வின்னிபெக் இரண்டு குவாட்டர்பேக்கை வைத்துத்தானே கிரே கப்பை வென்றது?" இல்லை. கொலாரோஸ்தான் தொடக்க வீரர். மற்றவரான ஸ்ட்ரெவெலருக்குக் கொடுத்தது தனியாக ஒரு சின்னக் கட்டு ஆட்டங்கள். ஓடினார், எறிந்தார், ஒன்றைப் பிடிக்கவும் செய்தார். யார் எப்போது வருவார் என்பது வாரத் தொடக்கத்திலேயே எல்லாருக்கும் தெரியும். இங்கே தற்காப்பு பந்தில் இருந்து ஒரு யார்ட் தள்ளி நிற்க வேண்டும் என்பதால், மூன்றாவது டவுணில் ஒரு யார்ட் வேண்டுமென்றால் இரண்டாமவரை இறக்கித் தள்ளுவது எல்லா அணியும் செய்வது. அதையும் இதையும் போட்டுக் குழப்பாதேங்கோ.

"எட்மன்டன்? வில்கின்சனும் வாரன் மூனும்? 1978 முதல் 1982 வரை தொடர்ந்து ஐந்து கப்?" தெரியும். 1981 இறுதியில் ஒட்டாவா பாதி ஆட்டத்தில் 20-1 என்று முன்னால் நிற்க, வில்கின்சன் இறங்கி ஆட்டத்தை நிதானப்படுத்த, வாரன் மூன் திரும்பி வந்து 26-23 என்று முடித்த கதையும் தெரியும். அந்த எட்மன்டன் தற்காப்பு அணிக்குப் பின்னால் நானே ஸ்னாப் எடுத்திருக்கலாம். அடுத்தது.

அடுத்ததுதான் எனக்கு வயிறு எரிகிற இடம். அந்த எட்மன்டன் பயிற்றுவிப்பாளர் ஹியூ கம்பெல். 2024-இல் லயன்ஸைப் பயிற்றுவித்த ரிக் கம்பெல் அவருடைய மகன். அதே ரிக் 2016-இல் ஒட்டாவாவில் பரிஸ், ட்ரெவர் ஹாரிஸ் என்ற இரண்டு குவாட்டர்பேக்குகளையும் ஒன்றாக வைத்திருந்தவர். முதல் ஆட்டத்திலேயே பரிஸுக்கு விரலில் காயம், ஹாரிஸ் வந்து அருமையாக ஆடினார். ஆண்டு முழுக்க இதே வாக்குவாதம். கடைசியில் ரிக் 41 வயது பரிஸைத் தெரிவு செய்து அவரோடே நின்றார். ரொறன்ரோவில் இறுதி ஆட்டத்துக்கு முந்திய வோர்ம்-அப்பில் பரிஸுக்கு முழங்கால் பிசகியது. உள்ளே கொண்டு போனார்கள். ஹாரிஸ் ஆயத்தமாகிவிட்டார். ஆட்டம் தொடங்கப் பரிஸ் வெளியே வந்தார், ரிக் அவரையே போட்டார். 461 யார்ட். 15-2-1 (15 வெற்றி, 2 தோல்வி, 1 சமன்) என்று வந்த கல்கரியை மேலதிக நேரத்தில் 39-33 என்று வென்றார்கள். தெரிவு செய்து அதிலே நிற்பது என்றால் இதுதான். இதைச் செய்து காட்டிய அதே மனிதர் எட்டு ஆண்டு கழித்து ஆடம்ஸ், ரோர்க், மறுபடி ஆடம்ஸ் என்று நின்றதை என்னால் இன்னும் செரிக்க முடியவில்லை.

அழுத்தம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். 2024-இல் கிரே கப் இறுதி ஆட்டம் லயன்ஸின் சொந்த மைதானமான பிசி பிளேஸில். 5-1 என்று தொடங்கினார்கள். ஆடம்ஸுக்கு முழங்கால் போனது, ஓகஸ்டில் அமெரிக்க லீக்கான என்எஃப்எல்லில் இருந்து ரோர்க் திரும்பினார், வந்த வாரமே தொடக்க வீரர். முழுப் பயிற்சி முகாம் இல்லாமல்! கடைசியில் 9-9, அரையிறுதியில் சஸ்காச்சுவானிடம் 28-19. ரிசீவர்கள் சரியில்லை என்று சொல்ல வேண்டாம், அந்த ஆண்டு லீக்கிலேயே அதிக யார்ட் எடுத்த ஜஸ்டின் மக்கினிஸ் அந்த அணியில்தான்.

"ரோர்க் 2025-இல் சிறந்த வீரர் விருது வாங்கிவிட்டார், ரஸ் ஜாக்சனின் 1969-க்குப் பிறகு முதல் கனடிய குவாட்டர்பேக், அப்போ அவரைப் போட்டது சரிதானே?" எப்போது வாங்கினார்? ஆடம்ஸ் கல்கரிக்குப் போய், முகாம் முழுக்க, வாரம் முழுக்க ஸ்னாப் அவர் கையில் இருந்த பிறகு. என் பக்கத்துக்கே சாட்சி சொல்கிறீர்கள்.

ஆடம்ஸுக்கு நடந்ததைப் பற்றி மட்டும் ஒருவரும் வாயே திறப்பதில்லை. 2022-இல் ரோர்க்குக்குப் பாதத்தில் காயம் பட்டதும் மொன்றியலில் இருந்து அவசரமாகக் கூப்பிட்டது யாரை? மொன்றியலில் ஹாரிஸுக்காக ஓரமாக உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தவரை. அணி 12 வெற்றி எடுத்த 2023-இல் 4,769 யார்ட் எறிந்தவர் யார்? காயப்பட்டதால் இடம் போகாது என்பது எழுதாத விதி என்பார்கள். எழுதாததால்தானோ என்னவோ, வசதிப்படி வாசிக்கிறார்கள்.

எதிர்த்து எழுதுகிறவர்கள் தாராளமாக எழுதுங்கோ. மொத்த யார்ட் கணக்கை மட்டும் கொண்டுவந்து ஒட்டாதேங்கோ. இரண்டாவது டவுணில் ஏழு யார்ட்டுக்கு மேல் வேண்டியிருந்தபோது ஒவ்வொருவரும் எத்தனை தரம் தப்பினார்கள், சொந்தப் பாதிக்குள் எத்தனை தரம் பந்தை இழந்தார்கள் என்று ஆட்டம் ஆட்டமாக எடுத்துப் போடுங்கோ. கிரிக்கெட் தம்பிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.