எச்.ஐ.வி. உள்ளவருக்கு உள்ளூர் டாக்டர் வைத்தியம் பார்க்கலாம்

"எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காய்ச்சலுக்குக்கூட பார்க்க மாட்டார்கள், கோயம்புத்தூருக்குத்தான் போகணும்" என்று நீலகிரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு. கோத்தகிரி பக்கம் தேயிலை பறிக்கும் ஒரு அக்கா இதை நம்பி மூன்று நாள் காய்ச்சலோடு வீட்டிலேயே படுத்திருந்தார். கேட்டதும் மனசு பதறிவிட்டது.

எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்தைத் தொடங்கிவைப்பதும் அதற்கான ரத்தப் பரிசோதனைகளைக் கவனிப்பதும் அந்த மருந்தைக் கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தின் வேலை. மற்றபடி காய்ச்சல், பிரஷர், சர்க்கரை எல்லாவற்றையும் பக்கத்து டாக்டரே பார்க்கலாம். எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டி வைத்தியம் மறுப்பதை 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தடை செய்கிறது.

அந்த டாக்டரிடம் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லிவிடுவது நல்லது. டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து சேர்ந்த மாத்திரையை வெறும் வயிற்றில் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளோடு விழுங்கினால் அந்த எச்.ஐ.வி. மருந்து உடம்பில் சரியாகச் சேராது. அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு, சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் அளவையும் குறைக்க வேண்டி வரலாம். இதையெல்லாம் பார்த்து எழுதிக் கொடுக்க ஊரில் ஒரு டாக்டர் வேண்டாமா?

சந்தேகம் இருந்தால் 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண்ணுக்கு இலவசமாகப் பேசுங்கள். அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையத்திலும் கேட்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள்.