கருவுக்குக் கடிகாரம் தெரியாது
வேலை நேரத்தை அவரவர் வசதிக்கு விட்டாலே ஆய்வகம் எல்லோருக்கும் ஏற்றதாகிவிடும் என்று இந்தக் கட்டுரை சொல்வது பாதிதான் சரி. நான் கரு வளர்ச்சியை ஆராய்ந்த ஜீப்ரா மீன் காலையில் விளக்கு எரிந்ததும் முட்டையிடும், 28.5 டிகிரியில் சுமார் 6 மணி நேரத்தில் கரு அடுக்குகள் (பின்னால் உறுப்புகளாக மாறும் செல் அடுக்குகள்) உருவாகத் தொடங்கிவிடும். கைக்குழந்தையோடு இருந்த எனக்கு அந்த நேரம்தான் ஒத்துவரவில்லை. கூட வேலை பார்த்தவர் என் கருக்கள் இருந்த தட்டை 25 டிகிரி இன்குபேட்டருக்கு மாற்றினார். அதே கட்டம் வர ஏறக்குறைய ஏழரை மணி நேரம் ஆனது, பாப்பாவைத் தூங்க வைத்துவிட்டு வந்து பார்க்க முடிந்தது. அப்புறம் மீன் அறை விளக்கின் டைமரையே தள்ளி வைத்தோம். மீன்கள் பழகிவிட்டன, பேராசிரியர்தான் கொஞ்ச நாள் முணுமுணுத்தார். மேலே கருத்திட்ட ஒருவர் பழ ஈ ஆய்வில் இந்தத் தொல்லையே இல்லை என்கிறார். அதில் 25 டிகிரியில் 3 மணி நேரத்திலேயே அந்தக் கட்டம் வந்துவிடுமே!