அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள்

அந்த ஆஸ்திரேலிய 20 டாலர் நோட்டுப் படத்தை நானும் பார்த்தேன். "திருடியை நோட்டில் போட்ட நாடு" என்று மேலே எழுத்து, கீழே வரிசையாகச் சிரிப்பு. போட்டவர் நான் மதிக்கிற அண்ணன். அதனால்தான் மனசு ஆறவில்லை.

அந்த நோட்டில் இருக்கும் பெண்ணின் பெயர் மேரி ரீபி. 1790-இல் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டில் குதிரை திருடியதற்காகத் தண்டிக்கப்பட்டபோது வயது 13. பாட்டி வளர்த்த பிள்ளை. பையன் வேஷத்தில், ஜேம்ஸ் பர்ரோ என்ற பெயரில் பிடிபட்டது. ஏழு வருடம் நாடுகடத்தல். 1792 அக்டோபரில் சிட்னியில் இறக்கினார்கள். 1811-இல் கணவர் இறந்தபின் ஏழு குழந்தைகளோடு வியாபாரத்தையும் கப்பல்களையும் தானே நடத்தினார். இத்தனைக்கும் பிறகு நம் வாயில் வருவது திருடி!

"திருட்டு தப்பில்லையா?" என்பீர்கள். தப்புதான். அதற்குத்தான் பதின்மூன்று வயதில் கடல் கடத்தினார்களே, இன்னும் என்ன பாக்கி?

அவர் பண்ணை வைத்த மண் பூர்வகுடிகளிடம் பறித்தது என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். உண்மை. அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதை வைத்து அவரைக் கேள்வி கேளுங்கள். குதிரையை வைத்துக் கேட்காதீர்கள்.

ரீபியாவது நோட்டில் இருக்கிறார். ஆஸ்திரேலியாவுக்குக் கடத்தப்பட்ட பெண்கள் சுமார் 25,000 பேர். பெரும்பாலும் துணி, பாத்திரம், சில்லறை என்று சின்னத் திருட்டு. ஹோபார்ட்டின் காஸ்கேட்ஸ் பெண்கள் சிறையில் கடைசி வகுப்புக் கைதிகளுக்குச் சட்டை முதுகிலும் கையிலும் பாவாடையின் பின்பக்கத்திலும் மஞ்சள் நிறத்தில் 'சி' (C) என்ற ஆங்கில எழுத்தைத் தைத்துவிடுவார்கள். முதுகில் இருப்பது அவள் கண்ணுக்குத் தெரியாது. பின்னால் வருகிறவர்களுக்குத்தான் தெரியும்.

எனக்குத் தெரியும் அது எப்படி இருக்குமென்று. எட்டாவது படிக்கும்போது பக்கத்துப் பெஞ்சுப் பெண்ணின் ஜாமெட்ரி பாக்ஸை எடுத்தேன். ஆமாம், எடுத்தேன். பிரேயரில் எல்லோர் முன்னாலும் அதைக் கையில் தூக்கிப் பிடித்தபடி நிற்கவைத்தார்கள். அப்பா மறுநாளே புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்து மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் பன்னிரண்டாவது முடியும்வரை யாருக்குப் பேனா காணாமல் போனாலும் முதலில் திறப்பது என் பைதான். போன வருடம் ஒரு கல்யாணத்தில் கூடப் படித்தவள் என் மகளிடம் சிரித்துக்கொண்டே சொல்கிறாள்: "உங்கம்மா பழைய பாக்ஸ் திருடி, தெரியுமா?" மகள் என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு நாற்பத்தொரு வயது.

அண்ணா, படம் இருக்கட்டும். அந்த ஒரு சொல்லை எடுத்துவிடுங்கள்.